இரலை வேட்டைக்கு ஏற்ற தோட்டா



வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா தெரிவு செய்வதைப் பற்றி வானொலியிலே பேசவேண்டிய அவசியம் யாது என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டுக் காடுகளிலே புள்ளிமான் உண்டு, மரை உண்டு, சருகுமானும் உண்டு, இரலை இல்லை. மானுக்கும் இரலைக்கும் வேற்றுமை கொம்பிலே காணப்படும். கலைமான் தன் கொம்பைக் காலந்தோறும் உதிர்த்து மறுபடியும் வளர்க்கும். இரலையின் கொம்போ வாழ்நாள் முழுதும் உதிராது நிற்கும். நமக்கு மிகவும் அண்மையில் உள்ள இரலை, பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடிக்கரைச் சரணாலயத்தில் மேயும் முறுக்குக் கொம்புடைய வெளிமான் ஆகும். அதனை வேட்டையாடுவதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது. ஆதலால் இன்றைய பேச்சு வேறொரு நிலத்தைப் பற்றியது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே வயோமிங் என்னும் மாநிலம் இருக்கிறது. மரங்கள் அரிதான, காற்று ஓயாத உயர்ந்த சமவெளி அது. மருக்கொழுந்தின் உறவான ஒருவகைச் சாம்பல்நிறப் புதர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை படர்ந்திருக்கும். அந்தப் புதர்களிடையே வாழும் கவைக்கொம்பு இரலை, அமெரிக்கக் கண்டங்களிலே மிக விரைந்து ஓடும் தரைவிலங்கு. மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. உயிரியலார் கணக்கின்படி இது மானுமன்று, உண்மையான இரலையுமன்று. தனியான ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கொம்பின் உள்ளெலும்பு நிலைத்திருக்க, மேலுறை மட்டும் ஆண்டுதோறும் கழன்று விழும். ஆயினும் அந்நாட்டு மக்கள் இதனை இரலை என்றே வழங்குவர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

ஐரோப்பியர் அச்சமவெளிகளிற் குடியேறுவதற்கு முன்னர் இவ்விலங்குகள் கோடிக்கணக்கில் இருந்தன என மதிப்பிடுவர். எல்லையற்ற வேட்டையினாலும் மேய்ச்சல் நிலங்கள் அடைபட்டமையினாலும் 1920ஆம் ஆண்டளவில் அவை சில பத்தாயிரங்களாக அருகிவிட்டன. அதன்பின் வேட்டைப் பருவமும் அனுமதிச்சீட்டுகளின் தொகையும் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டன. 1937இல் அமெரிக்க மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் நூற்றுக்குப் பதினொரு வீதம் அறவிடப்படும் வரி, காட்டு விலங்குகளைப் பேணுவதற்கே செலவாக வேண்டும் என்பது அதன் சாரம். இன்று இரலைகள் மறுபடியும் இலட்சக்கணக்கிற் பெருகியுள்ளன. அவற்றுட் பெரும்பங்கு வயோமிங்கிலே உண்டு. இலையுதிர் காலத்திலே சீட்டுப் பெற்ற ஒருவர் ஒரு விலங்கைச் சுட்டு, அதன் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார்.

வேட்டை தகுமா தகாதா என்ற விவாதத்தை இங்கே எழுப்ப நான் முற்படவில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றுவோர் நம்மிடையே பலர். ஆயினும் ஓர் உயிரைக் கொல்வது என்று ஒருவன் முடிவு செய்த பின்னர் அவன்மீது ஒரு கடமை விழுகிறது. அந்த உயிர் நெடுநேரம் துன்புறாமல் விரைவில் இறக்கவேண்டும். காயத்துடன் ஓடிப் புதரிடையே வாடி மடியக்கூடாது. அக்கடமை நிறைவேறுவதும் நிறைவேறாததும் அவன் கடையிலே தோட்டா வாங்கும்போதே ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது.

தோட்டா என்பது நான்கு பகுதிகளால் ஆனது. வெளியே பித்தளைக் கூடு, அதன் அடியிலே தட்டினால் தீப்பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயிலே செருகப்பட்ட குண்டு. குண்டின் எடையைக் கிரெயின் என்னும் சிற்றளவையாற் கூறுவர். ஏழாயிரம் கிரெயின் கொண்டது ஓர் இறாத்தல். தோட்டாவின் பெயரிலுள்ள இலக்கம் பெரும்பாலும் குழலின் அல்லது குண்டின் விட்டத்தைக் குறிக்கும். புள்ளி 243 எனில், ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் 243 கூறு என்று பொருள். ஆனால் எல்லாப் பெயர்களும் ஒரே இலக்கணத்திற்கு அடங்கா. முப்பது-சுழி-ஆறு என்னும் புகழ்பெற்ற தோட்டாவில், சுழி-ஆறு என்பது 1906ஆம் ஆண்டு. முப்பது-முப்பதில் இரண்டாவது முப்பது, ஆதியில் அதில் இட்ட மருந்தின் எடை. ஆகவே இலக்கத்தின் பருமனைக் கண்டு தோட்டாவின் வலிமையை மதிப்பிடுதல் தவறு.

இனி, சுடப்படும் விலங்கை நோக்குவோம். நன்கு வளர்ந்த ஆண் இரலையின் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம். பெண் இன்னும் சிறிது குறையும். ஒரு சராசரி மனிதனின் எடைக்கும் குறைந்த மெலிந்த உடல், மெல்லிய எலும்பு. இதயமும் நுரையீரல்களும் அமைந்த இடம், முன்காலின் பின்புறத்தே, எட்டு அங்குல விட்டமுள்ள ஒரு வட்டத்துள் அடங்கும். குண்டு அந்த வட்டத்துட் புகுந்தால் விலங்கு சில வினாடிகளில் வீழ்ந்துவிடும். அதற்குப் பின்னே வயிற்றில் தைத்தாலோ, முன்னே காலில் தைத்தாலோ, எத்துணை வலிய குண்டாயினும் பெருந்துன்பமே விளையும்.

விலங்கைக் கொல்வது குண்டின் அதிர்ச்சி என்று பலர் நினைப்பர். உண்மையிலே அதனைக் கொல்வது இரத்த இழப்பு. நுரையீரல்கள் இரண்டும் ஊடுருவப்பட்டால் மூளைக்கு இரத்தம் செல்வது நின்று உணர்வு அறும். இதற்குக் குண்டு உட்புகுந்தவுடன் சிறிது விரியவேண்டும். விரிந்தும் சிதறாமல் மறுபுறம் வரை செல்லவேண்டும். ஈயத்தின்மேற் செப்பு உறை போர்த்தி, நுனியில் மட்டும் ஈயத்தை வெளியே விட்டுச் செய்த மென்முனைக் குண்டு காளான்போல விரியும். முழுதும் உறையிட்ட போர்க்குண்டோ ஊசிபோலத் துளைத்துச் சென்றுவிடும். விலங்கு நெடுந்தூரம் ஓடியே இறக்கும்.

இங்கே ஒரு வரலாற்று விந்தை உண்டு. விரியும் குண்டுக்குப் பெயர் தந்த இடங்களுள் ஒன்று, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னும் ஊரிலிருந்த பிரித்தானியரின் ஆயுதச்சாலை. மனிதர்மீது அத்தகைய குண்டைப் பிரயோகிப்பது கொடுமை எனக் கருதிய நாடுகள் 1899இல் ஹேக் நகரிலே கூடி, போரில் அதனைத் தவிர்ப்பதென உறுதி செய்தன. ஆனால் வேட்டையிலே பல அமெரிக்க மாநிலங்களின் சட்டம் விரியும் குண்டையே வேண்டுகிறது. காயப்பட்ட போர்வீரன் பிழைக்கவேண்டும் என்பது முதலாவது விதியின் நோக்கம். சுடப்பட்ட விலங்கு காயத்தோடு உயிர்வாழக்கூடாது என்பது இரண்டாவதன் நோக்கம். இரண்டுக்கும் அடிப்படை இரக்கமே.

அண்மைக் காலத்திலே ஈயத்தைப் பற்றியும் ஒரு கவலை எழுந்துள்ளது. ஈயக்குண்டின் நுண்துகள்கள் விலங்கின் குடலிலும் இறைச்சியிலும் தங்கிவிடுகின்றன. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறி மடிகின்றன. கலிபோர்னியா மாநிலத்தில் அருகிவரும் கொண்டோர் என்னும் பெருங்கழுகு இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டமையால், 2019ஆம் ஆண்டு முதல் அங்கே வேட்டைக்கு ஈயக்குண்டு முற்றாக விலக்கப்பட்டது. இதற்கு மாற்றாக முழுதும் செப்பினாலான குண்டுகள் கிடைக்கின்றன. செப்பு ஈயத்திலும் இலேசானது. ஆகவே ஒரே எடையுள்ள செப்புக் குண்டு நீளத்திற் கூடியது. இந்த நீளம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் கூறுவேன்.

இனித் தூரத்தைப் பற்றிய கணக்குக்கு வருவோம். அமெரிக்க வேட்டைக்காரர் கெஜக் கணக்கிலே பேசுவர்; நடுத்தரத் தூரம் என்று அவர்கள் கருதுவது ஏறத்தாழ 250 கெஜம் வரை. புள்ளி 243 வின்செஸ்டர் என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1955இல் வெளிவந்த இத்தோட்டாவின் 100 கிரெயின் குண்டு, குழலை விட்டு நீங்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2960 அடி வேகத்திற் செல்லும். துப்பாக்கியின் குறியை 200 கெஜத்துக்கு ஒழுங்குசெய்தால், குண்டு 100 கெஜத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயர்ந்தும், 250 கெஜத்தில் மூன்று அங்குலம் தாழ்ந்தும், 300 கெஜத்தில் ஏழு அங்குலம் தாழ்ந்தும் செல்லும். நாம் கூறிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை நான்கு அங்குலம். ஆகவே 250 கெஜம் வரை வட்டத்தின் நடுவையே குறிபார்த்துச் சுடலாம்; வேறு கணக்கு வேண்டியதில்லை.

காற்றோ இன்னும் கடுமையான கணக்கைக் கேட்கும். பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் வீசும் காற்று, வயோமிங்கிலே இளங்காற்றுத்தான். அது இதே குண்டை 200 கெஜத்தில் ஏறத்தாழ மூன்று அங்குலம் ஒதுக்கும். 300 கெஜத்தில் ஏழு அல்லது எட்டு அங்குலம் ஒதுக்கும். முதலாவது வட்டத்தினுள் அடங்கும்; இரண்டாவது வட்டத்தைத் தாண்டி வயிற்றிலோ காலிலோ சென்று விழும். நடுத்தரத் தூரம் என்னும் வரம்பு பழக்கத்தினால் வந்த வெறும் சொல்லன்று. காற்றும் புவியீர்ப்பும் அந்த எட்டு அங்குல வட்டமும் சேர்ந்து வகுத்த எல்லை அது.

அப்படியாயின் அதனிலும் வலிய தோட்டாவை வாங்கினால் இந்த எல்லையைக் கடந்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். புள்ளி 300 வின்செஸ்டர் மக்னம் என்னும் பெருந்தோட்டாவை ஒப்பிடுவோம். அதன் வழக்கமான 180 கிரெயின் குண்டும் வினாடிக்கு அதே 2960 அடி வேகத்திலேயே புறப்படுகிறது. ஆதலால் 300 கெஜம் வரை குண்டு தாழ்வதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. காற்றின் ஒதுக்கம் இரண்டு அங்குலமளவே குறையும். எல்க் போன்ற பெருவிலங்கை வேட்டையாடுவோனுக்கு அந்தக் குண்டின் கனம் பயன்படும். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள இரலைக்கு அது வேண்டியதில்லை. மாறாக, சுடுபவனின் தோளிலே விழும் உதைப்போ ஏறத்தாழ மூன்று மடங்கு.

இந்த உதைப்பே நமது விடயத்தின் மையம். துப்பாக்கி தோளை இடிக்கும் என்று முன்னரே அறிந்தவன், விசையை இழுக்கும் அந்தக் கணத்திலே தன்னை அறியாமல் கண்ணை மூடுகிறான், தோளைச் சுருக்குகிறான், விசையை மெதுவாக அழுத்தாமல் வெடுக்கென இழுக்கிறான். குழல் இம்மியளவு அசைந்தாலும் 200 கெஜத்திலே குண்டு பல அங்குலம் விலகும். இது கோழையின் குணமன்று, உடலின் இயல்பு. அனுபவசாலிகளுக்கும் நேர்வது. மேலும், உதைப்பு மிகுந்த துப்பாக்கியோடு ஒருவன் போதிய பயிற்சி செய்யமாட்டான். பத்து வேட்டு வெடித்தவுடன் போதும் என்று எழுந்துவிடுவான். புள்ளி 243 உடன் ஒரு பிற்பகல் முழுதும் பயிலலாம். பயிற்சியால் வரும் திருத்தம் தோட்டாவின் வலிமையால் வராது.

மறுபக்கத்திலும் ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கலாகாது. உதைப்புக் குறைய வேண்டும் என்று மிகச் சிறிய தோட்டாவுக்கு இறங்கிவிடுதலும் பிழையே. புள்ளி 223 போன்ற தோட்டாக்களைச் சில மாநிலங்களின் சட்டம் இரலைக்கு அனுமதிக்கிறது. ஆனால் அவற்றிற்கெனக் கடைகளில் விற்கும் இலேசான குண்டுகளிற் பல, பயிரழிக்கும் சிறு பிராணிகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் உறை மிக மெல்லியது. இரலையின் தோள் எலும்பிற் பட்டால் அவை மேலோட்டமாகச் சிதறிப் பெருங்காயம் விளைவிக்கும், நுரையீரலை எட்டா. கைதேர்ந்தவன், தக்க குண்டைத் தேர்ந்து, அண்மையிலிருந்து சுட்டாற் காரியம் நடக்கும். புதியவனுக்கு அது ஏற்றதன்று.

தோட்டாவைத் தெரிவு செய்வோர் அடிக்கடி மறக்கும் மற்றொன்று, துப்பாக்கிக் குழலின் உள்ளே வெட்டப்பட்ட புரிகள். புரிகளே குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல, சுழலும் குண்டு நேரே பறக்கிறது. குண்டு நீளமானால் சுழற்சியும் விரைவாக வேண்டும். 1955ஆம் ஆண்டிலேயே இதற்குத் தக்க உதாரணம் கிடைத்தது. அவ்வாண்டு வின்செஸ்டர் கம்பனி புள்ளி 243ஐ வெளியிட்டபோது, றெமிங்டன் கம்பனி அதே விட்டமுள்ள புள்ளி 244 என்னும் தோட்டாவை வெளியிட்டது. கூட்டின் கொள்ளளவிலே றெமிங்டன் சற்று மேலானது. ஆனால் சிறு பிராணிகளைச் சுடுவோரே அதனை வாங்குவர் எனக் கருதிய அக்கம்பனியார், 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரியை அமைத்தனர். வின்செஸ்டரோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று அமைத்து, இரலைக்கும் மானுக்கும் ஏற்ற 100 கிரெயின் குண்டையும் சேர்த்து விற்றது. ஒரே துப்பாக்கியால் இரண்டு வேலையும் செய்ய விரும்பிய மக்கள் வின்செஸ்டரையே நாடினர். 1963இல் றெமிங்டன் புரியை 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றி, 6 மில்லிமீற்றர் றெமிங்டன் எனப் பெயரையும் மாற்றியது. அதற்குள் சந்தை கைநழுவிவிட்டது. செப்புக் குண்டு வாங்குவோர் நீளத்தைக் கவனிக்க வேண்டும் என்று நான் முன்னர் கூறியதன் காரணம் இதுவே. தம் துப்பாக்கியின் புரி அக்குண்டுக்குப் போதுமா என்று கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும்.

இவ்வளவும் கருதிய பின்னர் எந்தத் தோட்டாவை வாங்குவது? புள்ளி 243ஐப் புதியவர்க்கும் இளையோர்க்கும் தயங்காது கூறலாம். 1934 முதல் கிடைக்கும் புள்ளி 257 றொபேட்ஸ் இதற்கு ஏறத்தாழ நிகரானது. ஆயின் சிறு கடைகளிற் கிடைப்பது அரிது. 1925இல் வந்த புள்ளி 270 வின்செஸ்டர் 130 கிரெயின் குண்டைச் சற்றுக் கூடிய வேகத்திலே செலுத்தும். காற்றுக்கு நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் அதன் உதைப்பு புள்ளி 243ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனைத் தாங்கிப் பழகியவனுக்கு அது மிகச் சிறந்த தோட்டா. 2007இல் இலக்குச் சுடும் போட்டிகளுக்காக வெளிவந்த 6.5 கிரீட்மூர், நீண்டு மெலிந்த குண்டினால் காற்றை நன்கு ஊடறுக்கும், உதைப்பும் மிதமானது, ஆகவே இக்காலத்தில் அதனை விரும்புவோர் பலர். வீட்டிலே முப்பது-சுழி-ஆறு ஏற்கெனவே இருக்கிறதா? புதிது வாங்கவேண்டியதில்லை, அதற்குரிய இலேசான குண்டொன்றைத் தெரிந்து பயின்றாற் போதும். வேட்டைக்குச் செல்லும் சிற்றூரின் கடையிலே கிடைக்கும் தோட்டாவா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

தோட்டா வாங்கியபின் செய்யவேண்டியவை சில உண்டு. வேட்டைக்குக் கொண்டுசெல்லும் அதே வகைத் தோட்டாவினாலேயே குறியை ஒழுங்குசெய்ய வேண்டும்; குண்டை மாற்றினால் குறியும் மாறும். பயிற்சி மேசையில் மட்டும் சுட்டுப் பழகாமல், தரையிலே படுத்தும் முழங்காலிற் கையூன்றி அமர்ந்தும் சுட்டுப் பழகவேண்டும். மரமற்ற வெளியிலே தூரம் கண்ணை ஏமாற்றும். இரலையும் சிறியதாகையால் மயக்கம் இன்னும் கூடும். இந்நாளில் லேசர் ஒளியினால் தூரத்தை அளக்கும் சிறு கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதிற் குறைவில்லை. கூட்டமாக நிற்கும்போது சுடலாகாது. ஒன்றை ஊடுருவிய குண்டு பின்னால் நிற்பதையும் வீழ்த்தும். ஓடும் இரலையைச் சுடலாகாது.

தூரம் கூடுதலாயின் அதற்குப் பரிகாரம் பெருந்தோட்டா அன்று, அருகே செல்வதுதான். இரலையின் கண் மிகப் பெரியது. பார்வை மிகக் கூரியது. ஆயினும் அந்நிலம் முற்றிலும் தட்டையானதன்று. மேட்டின் மறைவிலும் வறண்ட ஓடைகளின் வழியேயும் ஊர்ந்து, முள்ளும் கள்ளியும் முழங்கையைக் கிழிக்க, 400 கெஜத்தை 200 ஆகக் குறைத்தவர் பலர். அங்ஙனம் ஊர்ந்தும் இயலாதபோது துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்பிவிடுபவனை அங்குள்ள பழைய வேட்டைக்காரர் எள்ளுவதில்லை, மதிக்கின்றனர்.

நேயர்களே, ஒரு காரியத்துக்கு வேண்டிய வலிமை எவ்வளவு என்று அறிந்து, அதற்கு மேல் விரும்பாதிருப்பது எளிதன்று. கடைக்காரன் பெரியதைக் காட்டுவான். விளம்பரம் தொலைவைக் காட்டும். இரலை வேட்டையின் கணக்கு காட்டுவதோ ஐம்பது கிலோகிராம் எடையும், எட்டு அங்குல வட்டமும், இருநூற்றைம்பது கெஜமும். இவற்றிற்குள் அடங்கும் தோட்டாவைத் தேர்ந்து, அதனை நன்கு பயின்று, அதன் எல்லையைத் தன் எல்லையாக ஏற்றுக்கொண்டவன் சுடும் விலங்கு பெரும்பாலும் ஒரே வேட்டில் விழும். கொல்வது என்று துணிந்தவனிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்சக் கருணை அதுவே.